என் பெயர் அபிடவிட்டில் இருக்கிறது, என்னை யாரும் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய குடும்பநல நீதிமன்ற நீதிபதிகளுக்கும், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுக்களின் தலைவர்கள், உறுப்பினர்களுக்கும், சென்னை உயர் நீதிமன்றத்தின் சிறார் நீதிக் குழுவுக்கும்,

வணக்கம்.

நான் ஓர் அப்பத்தா. வயது 66. தென்மாவட்டம் ஒன்றில் 33 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகனும் மருமகளும் பிரிந்துவிட்டார்கள். பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்று வழக்கு நடக்கிறது. பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஐந்தரை. அவர்கள் பெயரையோ பள்ளியையோ ஊரையோ இங்கே எழுதவில்லை. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். நாளைக்கு அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இதைப் படித்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது.

தீர்ப்பு இன்னாருக்கு வேண்டும் என்று கேட்டு இதை எழுதவில்லை. தீர்ப்பு வரும்போது வரட்டும். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகள் ராத்திரியில் பயமில்லாமல் தூங்க வேண்டும். அதற்கு யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒன்றேகால் வருடமாக அலைந்து, சொல்ல இடம் கிடைக்காமல்தான் இப்படி ஊரறிய எழுதுகிறேன்.

மருமகள் போட்ட வழக்கில் என் மகன் கவுண்டர், அதாவது பதில் அபிடவிட், தாக்கல் செய்தான். அதன் நகலை மருமகள் தன் போனில் எனக்குக் காட்டினாள். ஏழாவது பத்தியில் என் பெயர் இருந்தது. எதிர்மனுதாரரின் தாயார் ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர், குழந்தை வளர்ப்பில் நீண்ட அனுபவம் உடையவர், குழந்தைகள் இருவரும் அவருடைய பராமரிப்பில் பாதுகாப்பாக இருந்து வருகிறார்கள் என்று மூன்று விஷயம் எழுதியிருந்தது. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது, எழுதிய அன்றைக்கே பாதிதான் உண்மை. சோறு பொங்கிப் போட்டதும், தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியதும், காய்ச்சலில் பக்கத்தில் படுத்ததும் நான்தான். பாதுகாப்பாக இருந்தார்கள் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. அது உண்மையா என்று நீதிமன்றத்திலிருந்து என்னை யாரும் கேட்கவும் இல்லை.

ஏழாவது பத்தியையும் பார்த்துத்தான் இடைக்கால மனுவில், இப்போது இருக்கிற நிலையே தொடரட்டும், தாய் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை நீதிமன்ற வளாகத்தில் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று உத்தரவானது. போன ஆவணியில் என் மகன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரின் அந்தக் கடைசியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் பிள்ளைகளை நான் பார்த்தது மூன்றே தடவை, பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்று. ஆனால் வழக்குக் கட்டில் ஏழாவது பத்தி அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் இன்றைக்கும் என் பராமரிப்பில் இருப்பதாகத்தான் அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

என் பங்கையும் சொல்ல வேண்டும். என் மகன் முதல் தடவை மருமகள் மேல் கை வைத்தபோது நான் அடுத்த அறையில் இருந்தேன். மறுநாள் காலையில் அவளிடம், ‘குடிச்சாத்தான்மா அப்படி, நீ கொஞ்சம் பொறுத்துப் போ’ என்றேன். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளின் முதுகில் தழும்பு இருந்தால் தாயைக் கூப்பிட்டு விசாரித்தவள், பதிவேட்டில் எழுதியவள், மேற்பார்வையாளரிடம் சொன்னவள் நான். என் வீட்டுக்குள் நடந்தபோது பொறுத்துப் போ என்றேன். அவள் எட்டு வருடம் பொறுத்தாள். ஓர் ஆடி மாத ராத்திரி, கட்டிய சேலையோடு அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போனாள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக என் மகன் விடவில்லை. நானும் அன்றைக்கு அவள் பக்கம் நிற்கவில்லை. காலையில் சமாதானமாகித் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

அப்போது பேரனுக்கு நாலு வயதும் சில வாரங்களும். ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்து இளமையர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் இருக்கிறது. அவள் போன மாதமே மனுப் போட்டாள். நோட்டீஸ் போய்ச் சேரவில்லை என்று ஒரு வாய்தா. வக்கீல் வரவில்லை என்று ஒரு வாய்தா. கவுன்சலிங்குக்கு நாலு வாய்தா. கவுண்டருக்கு மூன்று. நீதிபதி மாறுதலில் போனதால் இரண்டு மாதம். வாய்தாக்களுக்கு நடுவிலேயே பேரனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. அவனுக்காக எழுதிவைத்த அந்த வரி அவனுக்கு உதவாமலே போயிற்று.

இனி நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். கேள்விப்பட்டது எதையும் எழுதவில்லை.

ஆரம்பத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளை நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனது நான்தான். தாய் வாங்கி வரும் பிஸ்கட்டைப் பேத்தி பாதி தின்பாள். மீதியைப் பையில் போட மாட்டாள். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும்போது வாசலில் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைத் தட்டிப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள். ‘ஏன்டி போடுற, தம்பிக்குக் குடுக்கலாம்ல’ என்று கேட்டேன். ‘அப்பா பாத்தா கேப்பாங்க அப்பத்தா’ என்றாள். ஆட்டோவில் வரும்போது தம்பியின் காதில் சொல்லிக் கொடுப்பாள்: ‘அம்மா முத்தம் குடுத்தத சொல்லாத. மடியில உக்காந்தத சொல்லாத.’ அந்தச் சின்னவன் தலையாட்டுவான்.

வீட்டுக்கு வந்தால் அன்று ராத்திரி என் மகனின் விசாரணை இருக்கும். உங்கம்மா என்ன கேட்டா, நீ என்ன சொன்ன, யார் கூட வந்தா, போன் பேசினாளா என்று. குடித்திருந்தால் பதினொரு மணி, பன்னிரண்டு மணி வரைக்கும் போகும். தூங்கி விழுகிற பிள்ளையை எழுப்பி உட்கார வைத்துக் கேட்பான். பேரன் படுக்கையை நனைக்க ஆரம்பித்தது அப்போதுதான். மூன்று வயதில் நின்றுபோன பழக்கம் அது. நனைத்ததற்காக ஒரு மார்கழி ராத்திரி அவனை மொட்டை மாடியில் விட்டுக் கதவைப் பூட்டினான். நான் கதவைத் தட்டிக் கத்தி, பக்கத்து வீட்டில் விளக்குப் போட்ட பிறகுதான் திறந்தான். பேத்தியின் கன்னத்தில் விரல் தடம் இரண்டு தடவை பார்த்தேன். தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

எடையும் எழுதி வைத்திருக்கிறேன். அது எனக்குக் கைப்பழக்கம். மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை எடைபோட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளைக் கோடாக இழுத்துப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. கோடு மேலே ஏறினால் பிள்ளை நன்றாக இருக்கிறது. படுத்தால் விசாரிக்க வேண்டும். கீழே இறங்கினால் அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பேத்தி நாலு மாதத்தில் 26 கிலோவிலிருந்து 24-க்கு வந்தாள். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, தட்டில் சோறு குறையவில்லை. அவள்தான் தின்னவில்லை.

அந்த வீடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகன் தரப்பில் நீதிமன்றத்தில் பென்டிரைவில் கொடுத்திருக்கிறார்கள். அதில் பேத்தி நாற்காலியில் உட்கார்ந்து, ‘எங்கப்பா எங்கள நல்லா பாத்துக்கிறாங்க, நான் அம்மாகிட்ட போக மாட்டேன்’ என்று சொல்கிறாள். அழவில்லை, திக்கவில்லை. பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை தானாகச் சொல்வது போலத்தான் இருக்கும். அது எடுத்த ராத்திரி நான் அடுப்படியில் இருந்தேன். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்து ஏழு தடவை எடுத்தான். முதல் தடவை அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது தடவை அழுதாள். மூன்றாவது தடவைக்கு முன்னால் ஓர் அடி விழுந்த சத்தம் கேட்டது. ஏழாவது தடவைதான் உங்கள் வழக்குக் கட்டில் இருப்பது.

இதையெல்லாம் பார்த்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. முதலில் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கடைசியில், ‘கோர்ட்ல கேஸ் இருக்குல்ல பாட்டி, நாங்க உள்ள வந்தா கோர்ட் எங்களக் கேக்கும், அங்கயே சொல்லுங்க’ என்றார்கள். நீதிமன்றத்துக்குப் போனேன். ஹாலுக்கு வெளியே இரண்டு வாய்தா உட்கார்ந்திருந்தேன். நீங்க பார்ட்டி இல்லையே, வக்கீல் வச்சு மனுப் போடுங்க என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் நலக் குழுவுக்குக் கையால் எழுதி மனுக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதால் தலையிட இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் போன் பண்ணினேன். மறுநாளே இரண்டு பேர் வந்தார்கள். சின்ன வயதுப் பிள்ளைகள், நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் கூடத்தில், தகப்பன் சோபாவில் உட்கார்ந்திருக்க, பேத்தியை நடுவில் நிற்க வைத்து, ‘பாப்பா, உனக்கு இங்க ஏதாவது பிரச்சனை இருக்கா’ என்று கேட்டார்கள். அவள் சொன்னாள்: ‘எங்கப்பா எங்கள நல்லா பாத்துக்கிறாங்க.’ வீடியோவில் சொன்ன அதே வரி, ஒரு சொல் மாறாமல். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் என் மகன் வீட்டைக் காலி செய்தான். புகார் கொடுத்தது யார் என்று அவனுக்குத் தெரிய வெகு நேரம் ஆகவில்லை.

அந்த ஒரு கேள்வியை, தகப்பன் இல்லாத இடத்தில், பத்து நிமிடம் படம் வரைய விட்டுவிட்டுக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். இது யூகம் இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட எத்தனையோ பிள்ளைகளோடு 33 வருடம் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை நேர்க்கேள்விக்கு வாய் திறக்காது. கை வேலையாக இருக்கும்போது, கண் நம்மைப் பார்க்காதபோதுதான் சொல்லும்.

எனக்குச் சட்டம் தெரியாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு பெண் வக்கீலை எனக்காக ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. என்னைப் போல அலைகிற பெரியவர்கள் இதைப் படித்தால் 15100 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் பொறுமையாக ஒவ்வொரு பிரிவாகப் படித்துக் காட்டினாள். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னைத் திருப்பி அனுப்பிய ஒவ்வோர் இடத்திலும் எனக்குக் கதவு திறந்துதான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது.

பாதுகாவலர் மற்றும் காப்பிளமையர் சட்டம் 1890-இல் வந்தது, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதன் 8-ஆவது பிரிவில், பிள்ளையின் உறவினரோ நண்பரோ கூட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம் என்று இருக்கிறது. 12-ஆவது பிரிவில், வழக்கு முடியும் வரை காத்திருக்காமல், பிள்ளையை நேரில் கொண்டுவரச் சொல்லவும், இடைக்காலமாக ஒருவரிடம் ஒப்படைத்துப் பாதுகாக்கவும் உத்தரவிடலாம் என்று இருக்கிறது. 17-ஆவது பிரிவு, விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 1984-ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றச் சட்டம் இன்னும் தாராளமாக இருக்கிறது. 12-ஆவது பிரிவின்படி மருத்துவர், குழந்தைகள் நலம் தெரிந்தவர்களின் உதவியை நீதிமன்றம் கேட்டு வாங்கலாம். 14-ஆவது பிரிவின்படி, சாட்சியச் சட்டத்துக்குள் அடங்கினாலும் அடங்காவிட்டாலும், உண்மையை அறிய உதவும் எந்த அறிக்கையையும் வாக்குமூலத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஓர் அப்பத்தாவின் நோட்டுப் புத்தகத்தையும் பார்க்கலாம்தானே ஐயா?

குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியது தனியாக இருக்கிறது. பெற்றோர் இருவருக்குள் பிள்ளை யாருக்கு என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதை வக்கீல் எனக்கு விளக்கிவிட்டாள். நியாயம்தான், அதை நான் கேட்கவும் இல்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு, 14-ஆவது உட்பிரிவில் பாருங்கள். பிள்ளை யாரோடு வசிக்கிறதோ அவர், பாதுகாவலராக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பிள்ளையைக் காயப்படுத்தினால், கொடுமை செய்தால், கவனிக்காமல் விட்டால், அது கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று இருக்கிறது. பெற்றோருக்குள் வழக்கு நடக்கிற பிள்ளை இதில் சேராது என்று அங்கே எழுதவில்லை. 31-ஆவது பிரிவின்படி போலீஸ், அரசு ஊழியர், சமூகப் பணியாளர், அக்கறையுள்ள பொதுமக்கள், டாக்டர், நர்ஸ், ஏன் அந்தக் குழந்தையே கூட உங்கள் முன்னால் வரலாம். 36-ஆவது பிரிவின்படி சமூக விசாரணை பதினைந்து நாளில் முடிய வேண்டும். என் மனுவுக்கு அந்தப் பதினைந்து நாள் விசாரணை நடந்து, அந்த அறிக்கையை நீங்களே குடும்பநல நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தால், நீதிபதியின் மேசையில் ஏழாவது பத்தியோடு இன்னொரு காகிதமும் இருந்திருக்கும். பிள்ளையைக் காப்பது ஒரு வேலை. பிள்ளை யாருக்கு என்று தீர்ப்பது இன்னொரு வேலை. ஒன்று முடிகிற வரை மற்றொன்று காத்திருக்கத் தேவையில்லை.

உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்த்த ஒரு வழக்கை வக்கீல் படித்துக் காட்டினாள். மேற்கு வங்கத்தில் மகளைப் பறிகொடுத்த தாத்தா பாட்டி வழக்கு அது. மகளின் சாவில் மருமகன் மேல் கிரிமினல் வழக்கு இருந்தது. பேரன் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் பையனைத் தகப்பனிடம் கொடுக்கச் சொல்லிவிட்டன. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அந்தப் பையனைத் தங்கள் அறைக்கு வரவழைத்து அவர்களே பேசினார்கள். தாத்தா பாட்டியோடுதான் இருப்பேன் என்று அவன் தெளிவாகச் சொன்னான். தகப்பன் மேல் இருந்த வழக்கையும் கீழே சரியாகப் பார்க்கவில்லை, பையனின் விருப்பத்தையும் கேட்கவில்லை என்று சொல்லி அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தார்கள். நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்துக்கே ஒரு சின்னப் பையனைத் தனியே கூப்பிட்டுப் பேச நேரம் இருந்திருக்கிறது.

வயதானவர்களை நம்பி எப்படி விடுவது என்று கேட்பார்கள். கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த அகமதாபாத் பையன் ஒருவனுக்காகத் தாத்தா பாட்டியும் தாயின் சகோதரியும் வழக்காடியபோது, வயதையும் வருமானத்தையும் மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, பையனை அப்பா வழித் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. அதற்கும் முன்னால், 2015 மே மாதம், நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் பிள்ளைகளின் கஸ்டடி பற்றிய சட்டங்களைத் திருத்தப் பரிந்துரைத்தபோது, தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தைப் பற்றியும் தனியாக எழுதியிருக்கிறது. ஆனால் எனக்குப் பிள்ளைகளைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தாய் உயிரோடு இருக்கிறாள், தையல் கூடத்தில் வேலை பார்க்கிறாள், பிள்ளைகளுக்காக ஏங்கிக் கிடக்கிறாள். அவளை விசாரியுங்கள். என்னையும் விசாரியுங்கள்.

உங்கள் பக்கத்துச் சங்கடமும் எனக்குப் புரிகிறது. கஸ்டடி வழக்கில் ஜெயிப்பதற்காகப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து, நடக்காததை நடந்ததாகச் சொல்ல வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தகப்பன் மேல் அபாண்டமாகப் பழி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஊரிலேயே அப்படி ஒரு தகப்பன் பிள்ளை முகம் பார்க்காமல் இரண்டு வருடம் துடித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் எந்தப் புகார் வந்தாலும் இது யார் சொல்லிக் கொடுத்தது என்ற சந்தேகம் உங்களுக்கு வருவது இயற்கை. அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு புகாரைத் திருப்பி அனுப்பினால் பொய் சொன்னவரும் தப்பிப்பார், அடி வாங்குகிற பிள்ளையும் மாட்டிக்கொள்ளும். பயிற்சி பெற்ற ஒருவர், தாயும் தகப்பனும் நானும் யாருமே இல்லாத இடத்தில், ஒரு தடவைக்கு மூன்று தடவையாக அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசட்டும். நான் பொய் சொல்கிறேன் என்றால் அதிலேயே தெரிந்துவிடும். அதற்கு நான் பயப்படவில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். யாரோ ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று ஒரு தரப்பு அபிடவிட்டில் எழுதினால், அது அப்பத்தாவோ அம்மாச்சியோ அத்தையோ வேலைக்காரம்மாவோ, அந்த ஆளை நேரில் கூப்பிட்டு ஒரு கால் மணி நேரம் தனியாகக் கேளுங்கள். தகப்பன் பெயரும் தாய் பெயரும் மனுவில் இருக்கின்றன, அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார். பிள்ளைக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும், எதைக் கண்டால் நடுங்கும் என்பது இந்த மூன்றாவது ஆளுக்குத்தான் பல வீடுகளில் தெரியும். அந்த ஏற்பாடு மாறினால், வீடு மாறினால், பார்த்துக்கொள்கிறவர் மாறினால், அதை நீதிமன்றத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். போனில் எடுத்த வீடியோவில் பிள்ளை பேசுவதை அதன் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளும் முன், அதை எடுத்தது யார், எங்கே வைத்து, எத்தனை தடவை என்று கேளுங்கள். கோர்ட்டில் இருக்கிறது என்ற காரணத்துக்காக எந்தக் காவல் நிலையமும் எந்தக் குழுவும் ஒரு பிள்ளையைப் பற்றிய புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை விட முடியும் என்றால், அதைச் செய்யுங்கள். எங்கள் மாவட்டத்தில் மட்டுமா இது நடக்கிறது? நீதிமன்ற வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கதை இருக்கிறது. பலர் சொல்லவே பயப்படுகிறார்கள். வாய் திறந்தால் பேரப்பிள்ளையைக் கண்ணில் காட்ட மாட்டார்கள் என்ற பயம்.

எனக்கு அது நடந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து, பெத்த மகனையே காட்டிக் கொடுக்கிறியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். என் மகன் மோசமானவனாகப் பிறக்கவில்லை. பத்து வயதில் மழையில் நனைந்த நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தவன். குடி அவனை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. அவனுக்குச் சிகிச்சை வேண்டும். அவன் திருந்தி வந்து பிள்ளைகளைப் பார்க்கிற நாள் வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான். அந்த நாள் வரைக்கும் பிள்ளைகள் அவனோடு தனியாக ஒரு வீட்டில் இருக்கக் கூடாது. அவனைப் பெற்று வளர்த்தவள் சொல்கிறேன்.

என்னையும் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கேட்டு வக்கீல் மனுப் போட்டிருக்கிறாள். இன்னும் நம்பர் ஆகவில்லை, அதாவது நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகிறதோ இல்லையோ, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் வருவேன். ஹாலுக்கு வெளியே சுவரோரம் இருக்கிற பெஞ்சில் பச்சை அட்டை போட்ட நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். அதில் தேதியும் எடையும் இருக்கின்றன. நீங்கள் அதை வாங்கிப் பார்க்காவிட்டாலும், வழக்குக் கட்டில் இருக்கிற அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள். பேத்தி பேசி முடிக்கும் இடத்தில் பின்னாலிருந்து பால் குக்கர் விசில் அடிப்பது கேட்கும். அந்தக் குக்கரை அடுப்பில் வைத்தவள் நான். அந்த விசிலுக்கு முன்னால் அங்கே என்ன நடந்தது என்று சொல்ல வெளியே காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அந்த இரண்டு பிள்ளைகளின் அப்பத்தா